ஒம்பது தலைவரும் ஒரு மண்வெட்டியும்

வாங்கப்பா, உக்காருங்க. வேப்பமர நிழலு எல்லாருக்கும் பொதுதான். இதைக் காப்பாத்த இன்னும் யாரும் சங்கம் வைக்கலை, அதனால நல்லாவே இருக்கு.

கண்மாயைக் காப்பாத்தச் சங்கம் வச்சிருக்கீங்களாம். ரொம்பச் சந்தோசம். விலக்கு ரோட்டுல நிக்கிற பேனரை நானும் பாத்தேன். நம்ம பெரிய மடையைவிட அகலம், கசிவும் இல்லை. படத்துல ஒம்பது பேரு நிக்கிறீங்க. தலைவர், ரெண்டு துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், ஒருங்கிணைப்பாளர், சட்ட ஆலோசகர், ஊடகப் பொறுப்பாளர். எல்லாம் சரி மாப்ளே, உறுப்பினர்னு ஒருத்தரையும் காணோமே? படம் எடுக்குற அன்னைக்கு அவருக்கு வேலை வந்துருச்சா? சங்கத்துச் சொத்து என்னன்னு கேட்டா ஒரு மண்வெட்டிங்கிறீங்க. அதுவும் என் வீட்டு மண்வெட்டி. பொருளாளரு அதை ஏட்டுல ஏத்திட்டாரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.

கோவிச்சுக்காதீங்க. நீங்க யோசனை கேட்டு வந்ததால சொல்றேன். கேக்காட்டியும் சொல்லியிருப்பேன்.

போன கோடையில ஜேசிபி வந்துச்சு. கரை மேல திருவிழாக் கூட்டம். அது ஒரு அள்ளு அள்ளுறதுக்குள்ள நீங்க ஆளுக்கு நாலு படம் அள்ளிட்டீங்க. நானும் குடையைப் பிடிச்சிக்கிட்டு ஓரமா நின்னேன். எம்புட்டு ஆழம் தோண்டணும்னு யாரு முடிவு பண்ணினதுன்னு கேட்டேன். 'டிரைவர் அண்ணனுக்குத் தெரியும் தாத்தா'ன்னீங்க. அப்படின்னா சங்கத்துக்கு நெசத் தலைவரு அந்த டிரைவருதான். பேனர்ல அவரு படத்தை நடுவுல போட்டிருக்கணும்.

மடையோட அடிமட்டத்துக்குக் கீழே ஆளுயரம் தோண்டியாச்சு. அதுல நிக்கிற தண்ணி மடை ஏறாது. ஆடுமாடு குடிக்கும், கிணத்துக்கு ஊறும், வயலுக்கு மட்டும் வராது. ஊத்துக்குத்தான் தோண்டுறோம்னு உக்காந்து பேசித் தோண்டியிருந்தா நான் கும்பிட்டுட்டுப் போயிருப்பேன். பேசலையே. கரைச் சரிவுல கையை வச்சு மண்ணை எடுத்தது யாரு? அள்ளுன மண்ணு எந்த வயலுக்குப் போச்சு, எந்த வீட்டு அஸ்திவாரத்துக்குப் போச்சு? எத்தனை நடை? எழுதி வச்ச ஏடு இருந்தா காட்டுங்க. இல்லை. வண்டிக்காரன்கிட்ட இருக்கு. அவன் கணக்கு சுத்தமா வச்சிருப்பான், அவனுக்கு அது பொழப்பு.

அதையும் விடுங்க. கண்மாய்க்குள்ள அம்புட்டு தூரு எடுத்தீங்களே, வரத்துக்கால்ல ஏன் கையே வைக்கலை? வானத்துலேர்ந்து நேரா கண்மாய்க்குள்ள விழுற மழை மட்டும் போதுமா? மேல்கண்மாய் கலுங்கு சாடி வர்ற தண்ணிதானே நமக்கு. அந்தக் கால் மூணு ஊராட்சி தாண்டி வருது. நடுவுல ஒரு தென்னந்தோப்பு, ஒரு செங்கச் சூளை, அதுக்கப்புறம் நம்ம துணைத் தலைவரோட பெரிய மாமன் கொல்லை. ஜேசிபிக்கு டீசல் ஊத்திக் கிளப்பிரலாம். மாமனுக்கு எதை ஊத்துறது?

சிரிக்கிறீங்க. அங்கதான் இருக்கு சங்கமே. மண்ணு அள்ள மெசினு போதும். மாமன் வீட்டுத் திண்ணையில போய் உக்காந்து, காப்பி குடிச்சு, கோவிச்சு, திரும்பவும் போயி, வேலியை மூணு முழம் தள்ளி வைக்கச் சொல்றதுக்குத்தான் ஊருல சங்கம்னு ஒண்ணு வேணும். மேல்கண்மாய்க்காரன்கிட்டப் பேச ஒருத்தன், கீழ்க்கண்மாய்க்காரன் சண்டைக்கு வந்தா நிக்க ஒருத்தன். இந்த ஒம்பது பதவியில அந்த வேலைக்கு ஒரு பேரும் இல்லை பாத்தீங்களா?

சரி, ஒரு கேள்வி. இந்தக் கண்மாய் யாருது? பேராண்டி 'நம்மளுது'ன்னு நெஞ்சைத் தட்டுறான். நெஞ்சு சரிடா, காகிதத்துல யாருது? ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேலன்னா நீர்வளத் துறை பாக்கும். கம்மின்னா ஊராட்சி ஒன்றியம். புறம்போக்கு எல்லை வருவாய்த் துறை ஏட்டுல கிடக்கு. உள்ள நிக்கிற மரத்துக்கு ஒரு ஆபீஸு, மீன்பாசி ஏலத்துக்கு இன்னொரு ஆபீஸு. தண்ணிக்கு மட்டும் வருண பகவான். நீங்க என்ன பண்ணீங்க, கிடைச்ச பெரிய ஆபீஸா பாத்து ஒரு மனுவைப் போட்டீங்க. அது நாலு மேசை சுத்தி, 'இது எங்கள் கட்டுப்பாட்டில் வரவில்லை'ன்னு பதிலா வந்துச்சு. அதை லேமினேசன் பண்ணி வேற வச்சிருக்கீங்க.

2007-லேயே ஏரிகளைப் பாதுகாக்குறதுக்கும் ஆக்கிரமிப்பை அகத்துறதுக்கும் தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்தாச்சு. முதல்ல எல்லையை அளக்கணும், அப்புறம் நோட்டீசு, அப்புறம்தான் அகத்துறது. அந்த அளவை நம்ம கண்மாய்க்கு நடந்துச்சா? தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டிக் கேட்டா 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும். ஆனா நீங்க கேட்ட கேள்வியை நான் படிச்சேன். 'நீர்நிலைகள் அழிவதை அரசு ஏன் வேடிக்கை பார்க்கிறது?' இது கேள்வியா? வயித்தெரிச்சல். வயித்தெரிச்சலுக்கு அந்தச் சட்டத்துல பதில் கிடையாது. 'இன்ன சர்வே நம்பர் கண்மாய்ப் புறம்போக்கு கடைசியா அளந்த தேதி என்ன, அந்த வரைபட நகல் ஒண்ணு கொடு'ன்னு கேட்டுப் பாரு. அது கேள்வி.

புலப்படத்தைக் கையில கொடுத்தா வடக்கு எது தெற்கு எதுன்னு சொல்ல உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? அ-பதிவேட்டுல நம்ம கண்மாய் எத்தனை ஏக்கர்னு போட்டிருக்கு? தெரியாது. ஆனா மதுரையில ஏசி ஓட்டல்ல 'நிறுவனத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி'க்குப் போயிட்டு வந்தீங்க. சுவத்துல கலர் கலரா சீட்டு ஒட்டுனீங்களாம். நமது பலம் ஒரு நிறம், பலவீனம் ஒரு நிறம். பலவீனச் சீட்டு பத்தாமப் போயி வேற நிறத்துல எழுதுனதா கேள்வி. மத்தியானம் பன்னீர் பட்டர் மசாலா. சாயங்காலம் ஆளுக்கொரு சான்றிதழ், ஒரு பை. பை நல்ல பை. உங்க அப்பத்தா அதுலதான் இப்பக் காய் வாங்கிட்டு வர்றா. பயிற்சியே வேணாம்னு நான் சொல்லலை. ஓய்வு பெத்த சர்வேயரு ஒருத்தரு பக்கத்து ஊருல சும்மா உக்காந்திருக்காரு. அவரை ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்து கரையில நடக்க விடுங்க. ஒரு வேளைச் சோறும் வெத்தலை பாக்கும்தான் செலவு. அதுக்கு எந்த நிதி நிறுவனமும் விண்ணப்பம் கேக்காது.

இப்பக் கணக்குக்கு வருவோம். கணக்குன்ன உடனே பொருளாளர் தம்பி செருப்பைத் தேடுறாரு. உக்காருப்பா. கணக்கைப் பாத்தா பிணக்கு வரும்னு பழமொழியே இருக்குங்கிற. இருக்கு. பாக்காம விட்டவன் கதைக்கு இன்னும் யாரும் பழமொழி சொல்லலை, கேஸ் நம்பர்தான் இருக்கு.

காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர்க் கோயில் சுவத்துல கல்வெட்டு இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலம், 919-லயும் 921-லயும் வெட்டுனது. உங்க தலைவர் மேடைக்கு மேடை 'குடவோலை, உலகத்துக்கே முன்னோடி'ன்னு பேசுறாரு. நல்லாப் பேசுறாரு. ஆனா அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாரு. ஏன்னு நான் சொல்றேன். அங்கே ஏரி வாரியம்னு ஒண்ணு, ஏரியைப் பாக்கவே ஆறு பேரு. அவங்களுக்குப் பதவி 360 நாள். ஒருக்கா இருந்தவன் அடுத்த மூணு வருசம் குடத்துக்குள்ள பேரே போடக்கூடாது. வயசு 35-க்கு மேல 70-க்குக் கீழ. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: எந்த வாரியத்துல இருந்தும் கணக்குக் காட்டாமப் போனவனைச் சேக்கக்கூடாது. அவனை மட்டுமில்லை, அவனோட சித்தப்பன் பெரியப்பன் மகன், மாமன், மச்சான், மருமகன்னு சொந்தத்தையே வரிசையா எழுதித் தள்ளி வச்சிருக்கான். ஆயிரத்து நூறு வருசத்துக்கு முந்தியே நம்ம ஆளுங்களைப் பத்தி எவ்வளவு நல்லாத் தெரிஞ்சிருக்கு பாருங்க.

இன்னொண்ணு. 919-ல ஒரு விதி எழுதுறான். அதுல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சதும் ரெண்டே வருசத்துல திருத்தி மறுபடியும் கல்லுல வெட்டுறான். கல்லுல வெட்டுனதையே மாத்தலாம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க சங்கத்து விதியை வேர்டு பைல்ல வச்சிக்கிட்டு மாத்த மாட்டேங்கிறீங்க.

உடனே மார்தட்ட வேண்டாம். அந்தச் சபை பிராமணர் ஊருச் சபை. கால் வேலி நிலமும் வேதப் படிப்பும் இருந்தாத்தான் பேரு குடத்துக்குள்ள போகும். அந்த ஏரியைக் கூடை கூடையா வெட்டுனவன் பேரை எந்தக் குடத்துலயும் போடலை. பொம்பளை பேரும் கிடையாது. அதனால அவங்க ஏட்டை எடுத்துக்கங்க, அவங்க வாசக்கதவை எடுத்துக்காதீங்க.

குடிமராமத்து குடிமராமத்துன்னு உருகுறீங்களே, அதுக்கும் இதே கதைதான். 1858-ல வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம்னு போட்டு, கரை உடைஞ்சா வந்து மண்ணு போடணும்னான். கோயில் தேரு மாதிரிதான் இதுவும். ஊரே கூடித் தேரை இழுத்தோம்கிறது மேலத் தெரு கதை. வடத்தை யாரு தொட்டா, யாரு தொடக்கூடாதுன்னு கீழத் தெருவுல கேட்டாத்தான் தெரியும். இப்பவும் பாரு, ஒம்பது பேருல எத்தனை பேரு கீழத் தெரு? கண்மாய்க் கழிவுநீர் எந்தத் தெருவுக்குப் பக்கத்துல தேங்குது? ஒரு ஆளைச் சேத்தோம்னு சொல்லுவீங்க. எந்தப் பதவி? 'செயற்குழு அழைப்பாளர்'. அடேங்கப்பா. அழைச்சா வரலாம்.

பதிவு பண்ணிட்டோம்னு சொல்றீங்க. 1975-ஆம் வருசச் சங்கப் பதிவுச் சட்டத்துக்கு ஏழு பேரு இருந்தாப் போதும், உங்ககிட்ட ரெண்டு பேரு உபரி. ஆனா துணைவிதியை எங்கேர்ந்து காப்பி அடிச்சீங்க? நோக்கம் எட்டாவதுல 'கடல் ஆமைகளின் முட்டைகளைப் பாதுகாத்தல்'னு இருக்கு. நம்ம ஊருக்குக் கடல் எந்தப் பக்கம்னு ஆமைக்கே தெரியாது. அதைவிடப் பெரிய கூத்து, கூட்டத்தை யாரு கூட்டணும், எத்தனை பேரு வந்தாக் கூட்டம், தலைவரை இறக்கணும்னா என்ன வழிங்கிற பக்கம் ஜெராக்ஸ்ல விழவே இல்லை. அந்தப் பக்கம் இல்லாம பதிவு எப்படி ஆச்சுன்னு நான் கேக்கலை, என் வயசுக்கு அது தேவையில்லை. வருசா வருசம் பொதுக்குழு கூட்டி, தணிக்கை பண்ணின கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளர் ஆபீஸ்ல கொடுக்கணும். பல சங்கத்துக்கு இந்த ஞாபகம் நிதி கொடுக்குறவன் வாசல்ல வந்து நிக்கும்போதுதான் வரும். அன்னைக்குத்தான் விட்டுப்போன அஞ்சு வருசத்துப் பொதுக்குழுவையும் ஒரே ராத்திரியில நடத்துவாங்க. ஒரே பேனா, ஒரே மை, எல்லாக் கையெழுத்தும் சொந்தக்காரங்க மாதிரி.

நிதின்னு சொன்னதும் எல்லாரு முகத்துலயும் வெளிச்சம் வருது. வெளிநாட்டுப் பணம் வரும்னு யாரோ சொல்லியிருக்கான். 2020-ல வெளிநாட்டுப் பணம் வாங்குற சட்டத்தைத் திருத்துனாங்க. வெளிநாட்டுப் பணம் முதல்ல டெல்லியில ஒரே ஒரு ஸ்டேட் பாங்க் கிளையில போய்த்தான் இறங்கணும். வாங்குன பெரிய நிறுவனம் அதை நம்ம மாதிரி சின்னச் சங்கத்துக்குப் பிரிச்சுக் கொடுக்கக்கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் இருந்ததை 20-ன்னு குறைச்சாச்சு. கணக்கெழுதுறவனுக்குச் சம்பளம், ஆபீசு வாடகை எல்லாம் அந்த 20-க்குள்ள. கணக்கு ஒழுங்கா எழுதுன்னும் சொல்றான், எழுதுறவனுக்குக் காசு கொடுக்காதேன்னும் சொல்றான். நையாண்டியில எனக்கு மேல ஆளு இருக்கான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அடுத்து கம்பெனிக்காரன். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிங்க மூணு வருசச் சராசரி லாபத்துல 2 சதவீதத்தை ஊருக்குச் செலவு பண்ணணும். அவன்கிட்ட வாங்க வருமான வரிச் சான்று ரெண்டு வேணும், மூணு வருச வேலை காட்டணும். எல்லாம் காட்டி முடிச்சா அவன் மரக்கன்னு தருவான். உனக்கு வேண்டியது மடைக்கு ஒரு ஷட்டர். அவன்கிட்ட இருக்குறது மரக்கன்னு. எங்கே நடுவே? கண்மாய்க்குள்ளயே நடுவே, அங்கேதான் இடம் காலியா இருக்கு. தண்ணி நிக்க வேண்டிய இடத்துல வேலியும் போர்டும் நிக்கும். வர்ற மார்ச்சுல அவன் ஆளு எண்ணிக்கை எடுக்க வருவான். செத்த கன்னுக்குப் பக்கத்துல புதுக் கன்னை நட்டு வச்சுப் படம் எடுப்பீங்க. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு பரிமாறுறது சுகம்தான். ஆனா எந்த இலையில ஊத்தணும்கிறதை நெய்க்காரனே சொல்லுவான்.

'அப்ப காசுக்கு எங்கே போறது தாத்தா?' நல்ல கேள்வி, தாயி. ஒம்பது பேருல நீ ஒருத்திதான் இன்னைக்கு உருப்படியா வாயைத் தொறந்திருக்கே. கேரளாவுல சாஸ்திர சாகித்திய பரிஷத்துன்னு 1962-லேர்ந்து இருக்கு. அமைதிப் பள்ளத்தாக்குல அணை கட்டக்கூடாதுன்னு ஊர் ஊராப் போய் விளக்கிச் சொன்னவங்கள்ல அவங்க முக்கியம். 1984-ல அந்தக் காட்டைத் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. அத்தனை பெரிய அமைப்புக்குப் பெரும் வருமானம் எது தெரியுமா? புஸ்தகம். அவங்களே எழுதி, அச்சடிச்சு, உறுப்பினரே தோள்ல சுமந்து வீடு வீடா வித்தது. வித்த கையோட வாசல்ல நின்னு அணையைப் பத்தியும் பேசுவான். காசும் வந்துச்சு, ஆளும் வந்துச்சு. அதனாலதான் அரசாங்கத்தை எதுத்துப் பேசும்போது 'உன் நிதியை நிறுத்துறேன்'னு சொல்ல ஒருத்தனாலயும் முடியலை.

நம்மகிட்ட புஸ்தகம் இல்லை, மீன் இருக்கு. மீன்பாசி ஏலத்துக் காசு வருசா வருசம் எங்கே போகுதுன்னு கிராம சபையில கேட்டு, அதுல ஒரு பங்கு கரைக்கும் மடைக்கும்னு தீர்மானம் போட வையுங்க. எங்க அப்பன் காலத்துல நீர்பாய்ச்சிக்குக் களத்து மேட்டுலயே நெல்லு அளந்தாங்க. தண்ணி வாங்குன வயக்காரன் கொடுத்தான், வாங்குன கூலிக்காக நீர்பாய்ச்சி ராத்திரி மடையில முழிச்சிருந்தான். உன் தண்ணிக்கு நீ ஒரு மரக்கா நெல்லு கொடுக்க மாட்டே, ஆனா லண்டன்காரன் கொடுக்கணும், இல்லையா?

இன்னும் ஒரு ரகசியம் சொல்றேன். இந்த ஊருல கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் தெரிஞ்ச அமைப்பு ஏற்கெனவே இருக்கு. உங்களுக்குக் கண்ணு தெரியாது, ஏன்னா அது உங்க அம்மாக்களோட மகளிர் குழு. 1989-ல தர்மபுரியில ஆரம்பிச்சு தமிழ்நாடு பூராவும் பரவுனது. வாரம் தவறாமக் கூடுறாங்க. தீர்மான நோட்டு, வருகைப் பதிவு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு. தலைவி ஊருக்குப் போனா அடுத்தவ நடத்துறா. பேங்குல பணம் எடுக்க ஒருத்தி கையெழுத்து மட்டும் செல்லாது. நூறு ரூபா குறைஞ்சா அன்னைக்கே கண்டுபிடிச்சு, யாரு தலையில விழணுமோ அங்கே விழுந்துரும். நீங்க ஓட்டல்ல கலர்ச் சீட்டு ஒட்டிக் கத்துக்கிட்டதை அவளுக வெறும் தரையில உக்காந்து முப்பது வருசமாச் செய்யுறாளுக.

அவங்களை ஏன் சேக்கலைன்னு கேட்டா 'கூப்பிட்டோம், வரலை'ங்கிறீங்க. எப்பக் கூட்டம்? ராத்திரி எட்டரை. எங்கே? டீக்கடை பெஞ்சு. வருவாளா? வந்துட்டா அதுக்கும் ஒரு பேச்சுப் பேசுவீங்க. நூறு நாள் வேலைக்குப் போறவளுக்கு வரத்துக்கால்ல எந்த இடம் எத்தனை அடி சுருங்கியிருக்குன்னு கையளவுல தெரியும், அவதானே வெட்டுறா. வேலை முடியிற நேரத்துக்கு அந்தக் கரையிலேயே கூட்டம் போடு. பொருளாளர் பதவியை அவங்கள்ல ஒருத்திக்குக் கொடு. தம்பிக்கு வருத்தம் இருக்காது, இப்பவே நிம்மதியாத்தான் முழிக்கிறாரு.

தலைவர் மாப்ளைக்குத் தனியா ஒரு வார்த்தை. நீ நல்லவன்டா. ராப்பகலா உழைக்கிறே, உன் காசைப் போட்டு பெட்ரோல் அடிக்கிறே. அதுதான் சங்கத்துக்கு வந்த சீக்கு. மின்னஞ்சல் கடவுச்சொல்லு உன்கிட்ட. பேங்க் புஸ்தகம் உன் பீரோவுல. ஆபீசருங்க நம்பரு உன் போன்ல. வாட்ஸப்புல நீ போடாட்டி ஒருத்தனும் காலை வணக்கத்துக்கு மேல எழுதுறதில்லை. மாமியா இடுப்புச் சாவிக்கொத்து மாதிரி அத்தனையும் நீயே சொருகிக்கிட்டு, 'யாரும் பொறுப்பு எடுக்க மாட்டேங்கிறாங்க தாத்தா'ன்னு எங்கிட்டயே வந்து அழுவுறே. நாளைக்கு உனக்குத் துபாய்ல வேலை கிடைச்சா சங்கமும் உன்கூட விமானம் ஏறிரும். ஒரு மாசம் சும்மா இருந்து பாரேன். காய்ச்சல்னு சொல்லு, நான் சாட்சி சொல்றேன். எந்த வேலை நிக்குது, எது ஓடுதுன்னு தெரிஞ்சிரும். ஒண்ணும் நிக்கலைன்னா உனக்குக் காய்ச்சல் நெசமாவே வந்துரும், அதுக்கும் மருந்து இருக்கு.

உங்க கூட்டத்துல எப்பவும் குறுக்கே பேசுவானே வாத்தியார் மகன், அவனை நீக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். அவனை வச்சுக்கங்க. ஜேசிபி ஆழத்தைப் பத்தி அன்னைக்கு என்னை விட்டா அவன் ஒருத்தன்தான் கேட்டான். அவன் வாய் எனக்கும் பிடிக்காது, அது வேற விசயம்.

போராட்டம்னா என்னன்னு பக்கத்துலேயே பாடம் இருக்கு. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பர்ல அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேந்த 193 எக்டேரைத் தமிழ்நாட்டுல முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க. ரெண்டு வருசம் கழிச்சு, 2024 நவம்பர்ல, அதையும் சேத்து 2,000 எக்டேருக்கு மேல டங்ஸ்டன் சுரங்க ஏலம்னு சேதி வந்துச்சு. ஊரே கொதிச்சுச்சு. நீங்களும் போனீங்க, கோசம் போட்டீங்க, படம் எடுத்தீங்க. அந்தப் படத்துல விழாத வேலையைப் பாத்தீங்களா? ஊர் ஊராக் கிராம சபையில தீர்மானம் போட்டாங்க. வெறும் கூட்டத்துச் சத்தம் மறுநாள் தேஞ்சிரும், தீர்மான நோட்டுல ஏறுனதை எந்த ஆபீசுக்கும் எடுத்துட்டுப் போகலாம். மதுரைக்குப் படை படையா நடந்தும் போனாங்க. டிசம்பர்ல சட்டசபையில தீர்மானம், 2025 ஜனவரி 23-ல ஏலம் ரத்து. இந்த இடத்துக்கு இன்ன மதிப்புன்னு சொல்ற அரசாணை சேதி வர்றதுக்கு முன்னாடியே கையில இருந்துச்சு. ஆபத்து வந்தப்புறம் பறவையை எண்ணப் போகலை.

நம்ம ஊருக்கும் அந்த வழி இருக்கு. 2002-ஆம் வருச உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலயும் ஒரு மேலாண்மைக் குழு இருக்கணும், ஊருல இருக்குற செடிகொடி, மீன், பறவை, நெல்லு வகை எல்லாத்தையும் மக்கள் பதிவேட்டுல எழுதணும். நம்ம ஊராட்சியில அந்தக் குழு இருக்கான்னு கேட்டுப் பாருங்க. இருக்கும். யாரு உறுப்பினர்னு கேட்டீங்கன்னா உங்க பேரே அதுல இருந்தாலும் இருக்கும், யாரு கண்டா. பதிவேட்டைப் புரட்டிப் பாருங்க. நம்ம கண்மாய்ல இல்லாத மீனு அதுல நீந்தும், இருக்குற உளுவை மீனைக் காணாது.

கிராம சபை முன்னாடி வருசத்துக்கு நாலு. 2022-லேர்ந்து மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேந்து ஆறு. மார்ச் 22 தண்ணி நாளு, நமக்குன்னே வச்ச தேதி. அன்னைக்கு நீங்க ஒம்பது பேரும் எங்கே இருந்தீங்க? மதுரையில தண்ணி தினக் கருத்தரங்குல. ஊருக் கிராம சபையில வரவுசெலவு வாசிக்கும்போது கேக்க ஆளில்லாம, கேக்குற மாதிரி நாலு கெழடுக தலையை ஆட்டிட்டு வந்தோம்.

சரி, வெயில் இறங்கிருச்சு. என்னைக் கௌரவ ஆலோசகரா போடப் போறோம்னு ஒரு பத்திரிகை அடிச்சுக் கொண்டாந்திருக்கீங்களே, அதைத் திருப்பிக் கொண்டு போயிருங்க. எனக்குப் பத்தாவது தலைவரா நிக்க இடுப்புல தெம்பில்லை. என்னை உறுப்பினரா சேத்துக்கங்க. சங்கத்துக்கு ஒருத்தராவது இருக்கட்டும். வருசச் சந்தா எம்புட்டு? இன்னும் முடிவு பண்ணலையா? நானே சொல்றேன், அம்பது ரூபா. இந்தா.

ரசீது எங்கே? 'அப்புறம் தர்றேன் தாத்தா'வா? நம்பர் போட்ட ரசீது புஸ்தகம் இன்னும் அச்சடிக்கலையா? பேனருக்குக் காசு இருந்துச்சே. பரவாயில்லை, திங்கக்கிழமை டவுனுக்குப் போறவன் யாராச்சும் அடிச்சிட்டு வாங்க, அடிக்கட்டையோட. அதுவரைக்கும் இந்த அம்பது ரூபா என் மடியிலேயே இருக்கட்டும். அந்த மண்வெட்டியையும் மறக்காம எடுத்துட்டு வாங்க.